நஷ்டத்துக்குக் கால் கிலோ மைசூர்பாக்

எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் மூளை வேலை செய்யாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் நம்பரை என்னுடையது என்று பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தவள் நான். (அந்தப் பெண் நல்ல மார்க். என் மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) ஆனால் அதெல்லாம் சில்லறை விஷயம். ஒரு தொழிற்சாலையில் நூற்று அறுபது பேருக்கு, ஆளுக்குக் கால் கிலோ வீதம், நஷ்டம் வந்ததற்காக மைசூர்பாக் கொடுக்க வைத்தேனே, அதுதான் சாதனை.

அப்போது குரோம்பேட்டையில், கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று ஒரு லெட்டர் தருவார்கள். அந்த லெட்டருக்காக நானும் என் கணவர் டேவிட்டும் தவம் கிடந்தோம். ஏனென்றால் கோவிலம்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட் ஒன்றுக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். வீட்டுக் கடன் தருகிற வங்கியோ, "மேடம் வேலை பெர்மனென்ட்னு லெட்டர் கொண்டாங்க, அப்புறம் பேசலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டது. மாதக் கடைசிக்குள் கடன் கிடைக்காவிட்டால் ஃபிளாட் வேறு ஆளுக்குப் போய்விடும், அட்வான்ஸும் அம்பேல்.

நாங்கள் குடியிருந்தது பொழிச்சலூரில், விமானங்கள் மொட்டை மாடியைத் தடவிக்கொண்டு போகிற ஒரு வாடகை வீட்டில். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அங்கே தவணை முறையில்தான் நடக்கும். விமானம் வந்தால் நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரு சண்டையாவது தொடர்ச்சியாகப் போட வேண்டும் என்பதற்காகவே எங்களுக்குக் கோவிலம்பாக்கம் தேவைப்பட்டது.

இனி கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு பத்திதான். எங்கள் கம்பெனி புது மிஷின்கள் வாங்கப் பெரிய கடன் ஒன்று வாங்கியிருந்தது. அதன் வட்டி ஒரே இடத்தில் நிற்காது. நாட்டில் வட்டி ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஏறித் தொலைத்தால் என்ன செய்வது என்று பயந்து, ஒரு வங்கியோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதற்கு ஸ்வாப் என்று பெயர். நாங்கள் அந்த வங்கிக்கு ஒரே நிலையான வட்டியைக் கொடுப்போம். பதிலுக்கு அது ஏறி இறங்குகிற வட்டியை எங்களுக்குக் கொடுக்கும். அதை அப்படியே கடனுக்குக் கட்டிவிடுவோம். ஆக, நாட்டில் வட்டி எங்கே போனாலும் எங்கள் கையை விட்டுப் போவது மாறாது. சரி, இந்த ஒப்பந்தத்தை இன்றைக்கே முறித்துக்கொண்டால் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்? அந்தத் தொகைதான் அதன் இன்றைய மதிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுக் கணக்கில் காட்ட வேண்டும்.

எங்கள் பிரிவின் தலைவி ரேவதி மேடம். மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் லீவில் கோயம்புத்தூர் கிளம்பியவர், கைப்பையை மாட்டிக்கொண்டே, "கிரேஸ், பேங்க்லேருந்து ஸ்வாப் வேல்யூ வரும். நீயும் ஒரு தடவை எக்ஸெல்ல போட்டு வை. எம்.டி.க்கு நான் வந்தப்புறம் அனுப்பலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கோ தலைகால் புரியவில்லை. போன மாதம்தான் இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் கற்றிருந்தேன். இனி வரப்போகிற வருடங்களின் வட்டியை எல்லாம் இன்றைய ரூபாய்க்குச் சுருக்கி, கொடுப்பதை ஒரு பக்கமும் வாங்குவதை ஒரு பக்கமும் வைத்துக் கழித்தால், ஒரே ஒரு எண் வந்து நிற்கும். டேவிட்டைக் காதலித்தபோதுகூட எனக்கு இப்படி ஒரு பரவசம் வந்ததில்லை. (டேவிட் இதைப் படிப்பார். பரவாயில்லை.) இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். வந்த எண், மைனஸ் முப்பத்தெட்டு லட்சம்.

மறுநாள் வங்கியிலிருந்து தாள் வந்தது. அதிலும் ஏறக்குறைய அதே தொகைதான். ஆனால் முன்னால் மைனஸ் இல்லை! வெறும் முப்பத்தெட்டு லட்சம், கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

நிதானமுள்ள ஒரு பெண் என்ன செய்திருப்பாள்? ரேவதி மேடத்துக்கு ஒரு போன் போட்டிருப்பாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவ்வளவு பெரிய பேங்க் தப்பாகப் போடுமா, ஐந்து மாத கிரேஸ்தான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். தேடினேன். தவறே இல்லாத இடத்தில் தவறு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் பொறுமை போய், முடிவு வருகிற கட்டத்தில் ஒரு மைனஸைச் சேர்த்து, மைனஸை பிளஸ் ஆக்கினேன். இரண்டு எண்ணும் பொருந்தின. எனக்குப் புல்லரித்தது. முதல் முயற்சியிலேயே கம்பெனிக்கு முப்பத்தெட்டு லட்சம் லாபம் கண்டுபிடித்த பெண் நான்! அந்தச் சந்தோஷத்தில் மூளை வழக்கம்போல லீவு போட்டது. தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி வைத்து எம்.டி.க்கு நேராக மெயில் அனுப்பினேன்.

எம்.டி. பெயர் தனகோபால். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான். தொழிற்சாலை நிற்கிற இடமே அவர்கள் குடும்பத்து நிலம். கோட் போட்டால் ஆங்கிலமும், கோட்டைக் கழற்றினால் உள்ளூர்த் தமிழும் பேசுவார். அன்று என்னை அறைக்குக் கூப்பிட்டபோது கோட் நாற்காலியில் தொங்கியது.

"இன்னாம்மா இது, நெஜமாவா?"

"நெஜம்தான் சார். பேங்க்கே அனுப்பியிருக்கு."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "எனக்கு ஒண்ணு புரியலம்மா. நாம ஒரே ரேட்டு கட்றோம்னுதானே கையெழுத்து போட்டோம்? வட்டி எறங்கிகினே போவுதுன்னு டிவில சொல்றான். எறங்குனா அவன் நமக்குக் குடுக்கிறது கம்மியாத்தானே ஆவும்? அப்புறம் நமக்கு எப்படி லாபம்?"

அந்தக் கேள்வியைவிடச் சரியான கேள்வியை அதற்கப்புறம் நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. அங்கேயே 'ஐயோ' என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் நான் சிரித்தேன். பாவம், படிக்காத மனிதர் என்பதுபோல அன்பாகச் சிரித்தேன். (கொழுப்பு, வேறென்ன!)

"சார், அது கேஷ் பார்வை. இது ஃபேர் வேல்யூ பார்வை."

"ரெண்டும் வேற வேறயா?"

"வேற வேற சார்" என்று சொல்லி, போர்டில் படம் போட்டேன். மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு, குறுக்கே இரண்டு அம்பு, நடுவில் ஒரு வளைகோடு. இன்று அந்தப் படத்தை யாராவது என்னிடம் காட்டினால், இது பல்லாவரம் சிக்னலா என்று கேட்பேன்.

"படிச்ச பொண்ணு சொல்றே. சரியாத்தான் இருக்கும்" என்றவர் எழுந்து நின்றார். அவ்வளவுதான், என் உற்சாகம் அவருக்கும் தொற்றிக்கொண்டது. ஜி.எஸ்.டி. ரோட்டு இனிப்புக் கடைக்கு உடனே போன் போனது. "நூத்தி அறுபது பாக்ஸு. நெய் மைசூர்பாக்கு. சாயங்காலம் ஷிப்ட்டு உடறதுக்குள்ள வரணும்!" அடுத்த போன் ஹெச்.ஆருக்கு. "கிரேஸோட கன்ஃபர்மேஷன் லெட்டரை இன்னிக்கே டைப் பண்ணுங்க. இன்க்ரிமென்ட்டும் சேத்துப் போடுங்க." ரேவதி மேடம் வந்து சரி என்று சொன்னால் எம்.டி. கையெழுத்துப் போட்டுவிடுவார். நோட்டீஸ் போர்டில், வட்டி ஒப்பந்தத்தில் நிறுவனத்துக்கு முப்பத்தெட்டு லட்சம் லாபம், கண்டுபிடித்தவர் கிரேஸ் என்று ஒரு காகிதம் ஏறியது. சாயங்காலம் வரிசையில் நின்று பெட்டி வாங்கியவர்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

நான் வீட்டுக்குப் போகிற வழியில் கோவிலம்பாக்கம் ஃபிளாட்டுக்கு எட்டுத் திரைச்சீலை வாங்கினேன். அந்த ஃபிளாட்டுக்கு அப்போது ஜன்னல்களே வைக்கவில்லை.

"லாபம்னு சொல்றியே, எப்படி வந்துச்சு?" என்று மைசூர்பாக்கை வாயில் போட்டுக்கொண்டு டேவிட் கேட்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். விமானம் வந்தது. நிறுத்தினேன். போனதும் தொடர்ந்தேன். அடுத்த விமானம் வந்தது. "விடு, லெட்டர் வருதுல்ல? அது போதும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து ரேவதி மேடம் பேரன் பிறந்த சந்தோஷத்தோடு வந்தார். அவருக்கென்று எடுத்து வைத்த பெட்டியை நானே பிரித்துக் கொடுத்தேன். ஒரு துண்டை எடுத்துப் பாதி கடித்தார். மற்றொரு கையால் வங்கித் தாளை எடுத்தார். வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

"கிரேஸ், இந்தத் தாள் யார் பார்வையில போட்டது?"

"பேங்க் அனுப்பினது மேடம்."

"அதான் கேக்கறேன். பேங்க் அனுப்பினா, பேங்க் தனக்கு வர வேண்டியதைத்தானே பிளஸ்ஸுன்னு போடும்? கீழ படிச்சியா?"

கீழே எறும்பு ஊர்ந்தமாதிரி ஒரு வரி இருந்தது. பிளஸ் என்றால் வாடிக்கையாளர் வங்கிக்குத் தர வேண்டியது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் அதை இரண்டாம் முறை படித்தேன். மூன்றாம் முறையும் படித்தேன். எறும்பு மாறவில்லை.

மேடம் மீதிப் பாதி மைசூர்பாக்கைச் சத்தமில்லாமல் பெட்டியிலேயே வைத்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. லெட்டர் போச்சு, ஃபிளாட் போச்சு, இரண்டு லட்சம் போச்சு, எட்டுத் திரைச்சீலை மட்டும் மிச்சம் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து எம்.டி. கையில் ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தார். அது தொழிலாளர் சங்கத்தின் கடிதம். வட்டியிலேயே இவ்வளவு லாபம் வரும்போது தொழிலாளிகளுக்கும் அதில் பங்கு வேண்டும் என்று சங்கத் தலைவர் தேசிங்கு அண்ணன் எழுதியிருந்தார். நியாயமான கோரிக்கைதான். லாபம்தான் இல்லை. அதை ரேவதி மேடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னார்.

எம்.டி. நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் கேட்டேனா இல்லியா? எறங்குனா எப்படி லாபம்னு கேட்டேனா இல்லியா?" என்றார். சுவரைப் பார்த்து இன்னொரு முறை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "போர்டுல படம் போட்டியேம்மா!" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. சம்பந்தி வீடு வரைக்கும் பெட்டி அனுப்பியிருந்தார் மனிதர்.

"சாயங்காலம் ஷிப்ட்டு மாறும்போது எல்லாரையும் நிக்க வெக்கிறேன். மைக்கு தர்றேன். குடுத்தது உன்னாலதானே? நீயே போய்ச் சொல்லு. அப்புறம் லெட்டரைப் பத்திப் பேசலாம்."

மைக் முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் கூட்டம் கை தட்டியது. இந்த முறை ஜாங்கிரி என்று யாரோ வதந்தி கிளப்பியிருந்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். அந்த முப்பத்தெட்டு லட்சம்... அது லாபம் இல்ல. நஷ்டம்."

கை தட்டல் நின்றது. முன்வரிசையில் நின்ற தேசிங்கு அண்ணன் காதைக் குடைந்துகொண்டார். "இன்னா மேடம் சொல்றீங்கோ? அப்போ நஷ்டத்துக்கா ஸ்வீட்டு குடுத்தீங்கோ?"

"ஆமாண்ணா."

"துன்னாச்சு மேடம், திருப்பிக் கேக்காதீங்கோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூரை அதிரச் சிரித்தார்கள்.

"சரி, இன்னா நஷ்டம்? யாரு அட்ச்சிகினு போனான் துட்ட?" என்றார் தேசிங்கு அண்ணன்.

வாயைத் திறந்தேன். ஃபேர் வேல்யூ என்று வந்த வார்த்தையை விழுங்கினேன். போர்டும் இல்லை, அம்பும் இல்லை. கேட்டுக்கு வெளியே தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு போக வேன் நின்றிருந்தது. வேறு வழி தெரியாமல் அதைக் காட்டினேன்.

"அண்ணா, நீங்க தாம்பரத்துலேருந்து அந்த வேன்லதானே வர்றீங்க? மாசத்துக்கு ஒரே ரேட்டா?"

"ஆமா, வருசத்துக்கும் ஒரே ரேட்டுன்னு பேசிகீறோம்."

"நாளைக்கு ஷேர் ஆட்டோ ரேட்டு எறங்கிடுச்சுன்னா?"

"வேன்காரனுக்குக் கொண்டாட்டம். நமக்கு பேஜாரு."

"வேனை விட்டுட்டு ஆட்டோவுல வந்துடுவீங்களா?"

"எப்டி உடறது? நடுவுல உட்டா, மிச்ச மாசத்துக்கு இன்னா வித்தியாசமோ அத்த குடுத்துட்டுப் போன்னு கேப்பான்ல?"

"அந்தத் துட்டுதான் அண்ணா முப்பத்தெட்டு லட்சம்!" என்று கத்தினேன். மைக் கீச்சிட்டது. எனக்குள் விளக்கு எரிந்தது. பயிற்சி வகுப்பில் புரிந்ததாக நினைத்தது நிஜமாகப் புரிந்தது அந்த நொடியில்தான். பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஒப்பந்தத்தை இப்போ உட்டா அவ்ளோ குடுக்கணும். ஆனா கம்பெனி உடப் போறதில்ல!"

"இருங்க மேடம், இருங்க" என்று கையைக் காட்டினார் தேசிங்கு அண்ணன். அவருக்கும் சூடு பிடித்துவிட்டது. "நாங்க எதுக்கு வேன் வெச்சோம்? மழ பேஞ்சா ஆட்டோக்காரன் டபுளா கேப்பான். மாசம் இவ்ளோதான் செலவுன்னு வூட்ல சொல்லணும்ல, அதுக்கு. கம்பெனியும் அப்டித்தானா?"

"அப்படியேதான்!"

"உட்டாத்தான் துட்டு. உடலன்னா?"

"எப்பவும் கட்டுற அதே வட்டிதான். ஒரு பைசா கூடவும் இல்ல, கொறைவும் இல்ல."

"அப்போ ஒண்ணுமே ஆவல" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கோங்கப்பா. ஒண்ணுமே ஆவல. அதுக்குக் கால் கிலோ மைசூர்பாக்கு!"

இந்த முறை கை தட்டல் எனக்கா மைசூர்பாக்குக்கா என்று இன்றுவரை தெரியாது. தேசிங்கு அண்ணன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் சும்மா வாங்கவில்லை. எம்.டி.யின் பக்கம் போய், "துட்டு வேணாம் சார். ஆனா ஒரு தபா குடுத்தா அது மாமூலு. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி இந்தக் கணக்கு போடறீங்கல்ல? அன்னிக்கு மைசூர்பாக்கு வந்துடணும்" என்றார். போனஸ் பேச்சை எதிர்பார்த்து வியர்த்திருந்த எம்.டி., அவர் முடிப்பதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அதன்பிறகு அவர் அறைக்குப் போனேன். கைப்பையில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. (மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைப் செய்தேன். சாப்பாடு எப்படியும் இறங்கவில்லை.) ரேவதி மேடம் என் எக்ஸெல்லின் பழைய பிரதியைத் திறந்து வைத்திருந்தார்.

"சார், இவ முதல்ல போட்டது மைனஸ்தான். சரியாத்தான் போட்டிருக்கா. பேங்க் தாளைப் பார்த்து பயந்து மாத்தியிருக்கா."

எம்.டி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரியாப் போட்டதைக் கஷ்டப்பட்டு தப்பாக்குனியா? அதுக்கு ஒரு தனித் திறமை வேணும்மா" என்றவர், டைப் செய்து வைத்திருந்த லெட்டரை எடுத்தார். இன்க்ரிமென்ட் என்ற வரியைப் பேனாவால் அழுத்தி அடித்தார். 'சிறப்பான பங்களிப்பு' என்ற வரியையும் அடித்தார். மிச்சமிருந்த இரண்டு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்து, அவர் மேஜைமேல் தும்மிவிட்டேன். நோட்டீஸ் போர்டுக் காகிதத்தை மட்டும் அவர் எடுக்கவில்லை. அதன் கீழேயே, 'திருத்தம்: லாபம் அல்ல. கண்டுபிடித்தவர் அவரே' என்று தன் கையால் எழுதி வைத்தார். மழைக்காலத்தில் மை கரையும்வரை அது இருந்தது.

அடித்தல் திருத்தலோடு வந்த அந்த லெட்டரை வீட்டுக் கடன் வங்கி பத்து நிமிடம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. பிறகு ஏற்றுக்கொண்டது. ஃபிளாட் கிடைத்தது. எட்டுத் திரைச்சீலையும் ஒரு சாண் குட்டை. கடனை ஏறி இறங்குகிற வட்டிக்கு வாங்கினோம். (நிதிப் பிரிவில் வேலை செய்கிறவள் சொந்த வீட்டுக்கு ஒரு பாதுகாப்பும் செய்துகொள்ளவில்லையா என்று கேட்காதீர்கள். செய்துகொள்ளவில்லை.) அதனால் வட்டி ஏறிவிட்டது, தவணை கூடுகிறது என்று குறுஞ்செய்தி வரும் நாளெல்லாம் டேவிட் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கால் கிலோ மைசூர்பாக் வாங்கி வருவார். பெட்டியை என் முன்னால் வைத்து, "முப்பத்தெட்டு லட்சம் மேடம், எடுத்துக்குங்க" என்பார். அப்படியே அது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. டேவிட்டுக்குப் பதவி உயர்வு கிடைக்காத அன்று மைசூர்பாக். நான் காரைச் சுவரில் தேய்த்த அன்று அரை கிலோ.

எங்கள் மகள் ஜெனி இப்போது இரண்டாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு, உலகத்தில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைப்பு. போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக் கழற்றவில்லை. ஷூவைக் கழற்றவில்லை. ஒரு மடித்த காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றாள்.

"என்னடி அது? கணக்குப் பேப்பரா? எவ்ளோ?"

"சொல்றேன். முதல்ல அப்பாவை மைசூர்பாக் வாங்கிட்டு வரச் சொல்லு."

"எவ்ளோன்னு கேட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அரை கிலோம்மா" என்றாள்.

டேவிட் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.